ஆணி அடிக்க முடியாத வீடு: செட்டிநாட்டில் ஒரு குடும்பத்தின் 14 மாதம்

இந்தக் குடும்பம் என்னிடம் கேட்டது மூன்றே மூன்று: உட்கார்ந்து எழ வசதியான கழிவறை, நின்று சமைக்கிற சமையலறை, ஏசி மாட்டிய ஓர் அறை. மூன்றையும் நான்கு மாதத்தில் முடித்துக் கொடுத்தேன். பணமும் பாக்கியில்லாமல் வந்துவிட்டது. குடிவந்து பத்தாவது வாரம் அந்த வீட்டு மகள் போன் செய்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா லாட்ஜ்ல தங்கியிருக்கிற மாதிரியே இருக்கு. என்ன பண்ணலாம்?"

காரைக்குடியைச் சுற்றிப் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பதினெட்டு வருடம் ஆகிறது. ஓடு ஒழுகுது, கரையான் ஏறுது, சுவர் ஊறுது என்று கூப்பிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தும் வீடு வீடாக இல்லை என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு எங்கள் தொழிலில் மருந்து கிடையாது. போய்ப் பார்த்தேன். அப்புறம் ஓர் ஆண்டுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தேன். பார்த்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். ஊர், கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் பக்கம் என்பதோடு நிற்கட்டும்.

வீடு என்றால் அறை

மேலே போவதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சரிபார்த்துவிட வேண்டும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், பேச்சில் 'வீடு' என்பது பல நேரம் ஓர் அறைதான். நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. அந்த அறையைத்தான் 'எங்க வீடு' என்பார்கள். கல்யாணமானவன் ஒரு புள்ளி. கோயில் வரிகூடப் புள்ளிக் கணக்கில்தான். மணம் முடிந்து கொஞ்ச நாளில் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் 'வேறு வைப்பார்கள்'. வெளியே அனுப்புவதில்லை. அதே கூரைக்குள் தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. மாமியார் ஓர் அடுப்பில் குழம்பு வைப்பார், பத்தடி தள்ளி மருமகள் இன்னோர் அடுப்பில் வைப்பார்.

கூட்டுக்குடும்பம் என்றதும் ஒரே பானைச் சோறு என்று நினைக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நான் இந்த ஊர்க்காரன்தான், ஆனால் எங்கள் வீட்டில் வளவும் இல்லை, புள்ளியும் இல்லை. இந்தச் சொல் விவரம் எனக்கு ஏட்டறிவாகத் தெரியும். அதன் எடை தெரிந்தது இந்த வேலையில்தான்.

கட்டடமும் ஆட்களும்

அகலம் 70 அடி, நீளம் 210 அடி. 1920களில் கட்டியது. கிழக்குப் பார்த்த வாசலில் நுழைந்தால் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையல் கட்டு, கிணற்றடி, பின்வாசல். அந்த வாசல் அடுத்த தெருவில் திறக்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் இப்படித் தெருவுக்குத் தெரு நீள்பவை. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் என்ற பட்டியல் இங்கேயும் உண்டு. சுற்றுலாக்காரர்கள் எழுதித் தேய்ந்த பட்டியல், விட்டுவிடுகிறேன்.

1942 இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததோடு, அங்கிருந்து இந்தக் குடும்பத்துக்கு வந்த வருமானமும் நின்றது. அதன் பிறகு கட்டடத்தில் பெரிதாக எதுவும் சேரவில்லை. ஆட்கள் மட்டும் கிளை கிளையாகப் பிரிந்து வேலை தேடிப் போனார்கள். இன்றைக்குப் பங்குதாரர்கள் 19 பேர், ஐந்து ஊர்களில். பாகம் பிரிக்கவில்லை. கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் எல்லோரும் வருவார்கள், மூன்று நாள் வீடு கொள்ளாது, நாலாம் நாள் பூட்டிவிட்டுப் போவார்கள். பின்கட்டில் ஓட்டுக் கொட்டகையில் 22 வருடமாக ஒரு தம்பதி இருந்து பெருக்கி, விளக்கேற்றி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

குடிவந்தவர்கள் ஐந்து பேர். வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். நேரில் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், எழுதும்போதும் அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் மனைவி, அண்ணி. அண்ணனின் தாயார் ஆச்சி, வயது 79. வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கும் மகள், 23. ஒன்பதாவது படிக்கும் பையன். சென்னையில் 1,050 சதுர அடி அடுக்கக வீட்டில் இருந்தவர்கள். ஜூன் முதல் வாரம், பள்ளி திறக்கும் முன்னால், பல்லவன் ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கினார்கள். வளவின் தென்புறத்தில் அவர்கள் பங்குக்கு இரண்டு அறை. மற்ற இடமெல்லாம் பொது. புழங்கிக்கொள்ளலாம், ஆனால் கேட்டுக்கொண்டு.

முதல் சுற்று: நான் செய்த வேலை

சமையலறையைச் சமையல் கட்டிலேயே அமைத்தேன். கிணறு அங்கே, சாக்கடை அங்கே, புகை பின்னால் போகும். கட்டியவர்களின் கணக்கும் அதுதானே. கருங்கல் மேடை, இழுப்பறைகள், புகைபோக்கி எல்லாம் வைத்தேன். ஏசி அறை மாடியில், முகப்புக்கு மேலே. அங்கே மரக் கூரை நன்றாக இருந்தது, கரன்ட் இணைப்பும் பக்கம். கழிவறை இரண்டாம் கட்டுக்கு வெளியே. வரைபடத்தில் பார்த்தால் அழகாக இருந்தது. புதிது எதுவும் பழையதை இடிக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு தவறுகளை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். ஒன்று, அவர்களுடைய அறைச் சுவர்களில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கவிட்டது. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். உள்ளே ஏறும் ஈரம் வெளியே போக வழி வேண்டும். பெயின்ட் அதை அடைத்துவிடும். ஐப்பசி மழையில் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக வந்தது. சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு அடித்தேன், என் செலவில். இன்னொரு தவறைப் பிறகு சொல்கிறேன், அது இதைவிட மோசம்.

ஒரு நாள் முழுக்கக் குறித்தது

மகள் போன் செய்த பிறகு ஒரு வேலை செய்தோம். வீட்டின் தரைப்படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, ஐந்து பேருக்கும் ஐந்து வண்ணப் பென்சில் வைத்து, யார் எப்போது எங்கே இருக்கிறார்கள் என்று காலை 5.40 முதல் இரவு 10.15 வரை குறித்தோம். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு. உள்ளே மகள் குறித்தாள், வெளியே நான்.

14,700 சதுர அடி இடத்தில் ஐந்து பேரும் நாளின் பெரும்பகுதியைக் கழித்தது இரண்டாம் கட்டின் தென்மேற்கு மூலையில், சுமார் 300 சதுர அடிக்குள். நாற்காலியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. அங்கே ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், எட்டுப் பிளக் வைத்த ஒரு நீட்டுப் பெட்டி. மாடி ஏசி அறையில் வேலை நாளில் யாரும் ஏறவே இல்லை. ஞாயிறன்று பையன் மட்டும் 40 நிமிடம்.

முதல் காரணம் சிரிப்பாக இருக்கும்: ரூட்டர். இரண்டடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைஃபை போகாது. மகளுக்கு மீட்டிங், பையனுக்கு விளையாட்டு, அண்ணனுக்கு யூடியூப், எல்லாம் அந்த மூலையில்தான் கிடைக்கும். அதனால் அங்கே கூடினார்கள். சரி, சிக்னல் பெருக்கி வாங்கி வளவிலும் மாடியிலும் வைத்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே மூலை. ஆக, காரணம் ரூட்டர் மட்டுமில்லை.

தாளை மறுபடி பார்த்தபோது பச்சைப் பென்சில் கண்ணில் பட்டது. பச்சை அண்ணி. சமையல் கட்டில் 4 மணி 20 நிமிடம், தன்னந்தனியாக. வேறு எந்த நிறமும் அந்தப் பக்கம் போகவில்லை, தண்ணீர் குடிக்கத் தவிர. அண்ணியிடம் கேட்டேன். நல்ல சமையலறை, குறையே இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "மெட்ராஸ்ல தாளிக்கும்போதே டிவி கேக்கும். இவன் 'அம்மா, ஸ்கேல் எங்க?'ன்னு கத்துவான், நான் பதில் சொல்லுவேன். எரிச்சலாத்தான் இருக்கும். இங்க நான் கூப்பிட்டா என் சத்தமே திரும்பி வருது."

மேடைக்கும் அந்த மூலைக்கும் நடுவே 94 அடி. அளந்து பார்த்தேன். நான் கட்டிய சமையலறை, சமையல்காரர்கள் இருந்த காலத்துக் கல்யாணச் சமையலறை. ஐந்து பேருக்குச் சமைக்கிற ஓர் அம்மா அங்கே என்ன செய்வாள்?

நாலாவது தூண்

அந்த மூலையில் ஆச்சிக்கு ஒரு இடம் உண்டு. தூணில் முதுகை வைத்து, காலை நீட்டி, வளவின் பக்கம் பார்த்தபடி இருப்பார். குடிவந்த நாளிலிருந்து அதே இடம். நாற்காலி போட்டுக் கொடுத்தும் நகரவில்லை.

ஒரு நாள் மேலே அண்ணாந்து பார்த்து, "இங்கன இருந்த கரி எங்க தம்பி?" என்று கேட்டார்.

அதுதான் இரண்டாவது தவறு. முதல் சுற்றில் உத்தரங்களை எல்லாம் சோடா போட்டுத் தேய்த்து, கரி போக்கி, வார்னிஷ் அடித்திருந்தோம். எந்த உத்தரத்தில் எவ்வளவு கரி என்று படம்கூட எடுக்கவில்லை. பழைய கரி அழுக்குத்தானே.

ஆச்சி எழுந்து, இரண்டாம் கட்டு நிலையிலிருந்து தூண்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது தூணுக்குப் பின்னால் நின்று தரையைக் காட்டினார். 1964 இல் பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்து, மூன்றாம் மாதம் அவரை வேறு வைத்த இடம் அது. மண் அடுப்பு இரண்டு, ஒரு மரப்பெட்டி, சீர்வரிசையில் வந்த பாத்திரத்தில் நாலைந்து. மிச்சப் பாத்திரம் அறைக்குள் பூட்டில். அந்த இடத்தில் ஒன்பது வருடம் சமைத்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். அந்த ஒன்பது வருடத்துக் கரியைத்தான் நான் 350 ரூபாய்க் கூலிக்கு ஓர் ஆளை விட்டுத் தேய்த்துவிட்டேன்.

"மாமியாளுக்கு அந்த மூலை, எனக்கு இது. எலி வளையானாலும் தனி வளைதானே?" என்றார். மாமியாருடைய மூலை எதிரே, வடபுறம். இரண்டு பேருக்கும் நடுவில் முற்றத்து வெளி. சண்டை போட்டாலும் முகம் தெரியும், குரல் கேட்கும், கை எட்டாது. அந்த அளவை யார் யோசித்து வைத்தார்களோ!

மரச்சமையல் மேடை ஒன்று செய்தோம். அந்த மூலையில், தூணிலிருந்து நாலடி தள்ளி, சக்கரம் வைத்தது. மேலே இரண்டு அடுப்பு வைக்கலாம், கீழே சிலிண்டர் வெளியே காற்றாட நிற்கும். பொது இடத்தில் நிரந்தரமாக எதுவும் கட்டக் கூடாது என்பது பங்குதாரர்கள் விதி. சக்கரம் வைத்தால் அது சாமான், கட்டடம் இல்லை. சமையல் கட்டிலிருந்த கருங்கல் மேடை வீணா? இல்லை. மாவாட்ட, மீன் கழுவ, தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க அதுதான். தினப்படிக் குழம்பும் சோறும் மட்டும் மூலைக்கு வந்துவிட்டன.

தேடிப்பிடித்த தீர்வு என்று மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. 1964 இல் இருந்த இடத்துக்கு அடுப்பு திரும்பிப் போனது, அவ்வளவுதான். ஆனால் ஆச்சி இப்போது தரையில் குந்திச் சமைப்பதில்லை. முட்டிவலி. "அந்தக் காலமே நல்ல காலம்"னு யாராவது சொன்னால் அவரிடம் அனுப்பி வையுங்கள், புகையில் கண் எரிந்த கதையைச் சொல்வார்.

திண்ணையும் பின்வாசலும்

அண்ணனின் பிரச்சினை வேறு. காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்திண்ணையில் உட்காருவார். அரை மணியில் உள்ளே வந்துவிடுவார். ஏன்?

நானும் ஒரு காலை அவருடன் உட்கார்ந்தேன். நம் முகப்பு பார்ப்பது எதிர்வீட்டின் முதுகை. தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள் எல்லாம் ஒரே திசை பார்த்தால் அப்படித்தான் வரும்: ஒரு தெருவில் ஒரு பக்கம் முகப்புகள், மறுபக்கம் பின்சுவர்கள். எதிரே ஒரு நீளச் சுவர், ஒரு சின்னக் கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு. இரண்டு பக்க வீடுகளும் பூட்டுத்தான். ஒரு மணி நேரத்தில் போனவை ஒரு பள்ளி வேன், ஒரு வெளிநாட்டுத் தம்பதி, நாலு ஆடு. வெளிநாட்டுத் தம்பதி அண்ணனையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். "நான் வாசல்ல வச்ச யானை பொம்மை மாதிரி ஆயிட்டேன்" என்றார்.

பின்தெருவிலும் பூட்டிய வீடுகள்தான் அதிகம். ஆனால் அதன் முனையில் டீக்கடை, ரேஷன் கடை, ஊருணிக்கு இறங்கும் படி. பால்காரர், கீரைக்காரம்மா, வேலைக்குப் போகும் பெண்கள், எல்லோருக்கும் வழி அது. கொட்டகைத் தம்பதி காலம் காலமாக அந்தக் கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு மட்டும் அது 'வேலைக்காரர் வாசல்'.

அண்ணன் ஒரு நாள் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டார். மறுநாள் டீக்கடைக்காரர் தானே வந்து, "ஐயா எந்தப் புள்ளி?" என்று விசாரித்தார். மூன்று வாரத்தில் அண்ணனுக்குத் தெருவில் பாதிப் பேர் தெரியும், தெருவுக்கு அண்ணனின் சர்க்கரை அளவு தெரியும். பங்குதாரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பெரிய வீட்டு ஆட்கள் கொல்லைப்புறம் உட்காரலாமா என்று கேட்டார். ஆச்சி குரல் செய்தி அனுப்பினார்: "முன்வாசல்ல உக்காந்தா யாரு வாரா? நீங்க வாரீகளா?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

ஆணி

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்படுவது இந்தப் பகுதி. நேரம் அதிகம் தின்றதும் இதுதான்.

சென்னையிலிருந்து வந்த சாமான்களில் ஆச்சியின் கணவர் படம் ஒன்று. கருப்பு வெள்ளை, தேக்குச் சட்டம், ஒன்றரை அடிக்கு இரண்டடி. ஜூனில் வந்தது. ஆகஸ்டில் நான் போனபோது அறை மூலையில் ஒரு நாற்காலியின் மேல், பழைய துண்டு சுற்றி, சாய்த்து வைத்திருந்தது. செப்டம்பரிலும் அப்படியே. தினம் காலையில் ஆச்சி துண்டை விலக்கி, பூ வைத்து, மறுபடி மூடுவார். பல்லி ஏறுமாம்.

ஏன் மாட்டவில்லை? ஆணி அடிக்கக் கூடாது. பத்து வருடத்துக்கு முன்பே பங்குதாரர்கள் பேசி எடுத்த முடிவு: சுவரில் ஆணி கூடாது, நிறம் மாற்றக் கூடாது. (பெயின்ட் விஷயத்தில் நான் எப்படித் தப்பினேன் என்று கேட்காதீர்கள். தப்பவில்லை.) அந்த விதியில் நியாயம் உண்டு. செட்டிநாட்டுப் பூச்சு என்பது சுண்ணாம்பும் மணலும் பல அடுக்காகப் பூசி, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, கடைசி அடுக்கில் வெண்ணெய்போல் அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழுவழுக் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. நூறு வருடம் கழித்தும் கன்னத்தை வைத்தால் கண்ணாடி மாதிரி குளிரும். அதில் ஓர் ஆணியை அடித்தால் துளை மட்டும் விழாது, முட்டை ஓடு போல உள்ளங்கை அகலத்துக்குப் பெயரும். அதை ஒட்டவைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இந்தப் பக்கமே குறைவு. ஒட்டினாலும் நிறம் சேராது.

ஆக விதியும் சரி. ஆனால் ஐந்து பேர் வாழ்கிற இடத்தில் காலண்டர் இல்லை, சட்டை மாட்ட இடமில்லை, குடைக்கு இடமில்லை, பையனின் பேட்மின்டன் மட்டை கதவு இடுக்கில். எல்லாம் பெட்டியில் அல்லது நாற்காலி முதுகில். நல்ல லாட்ஜில் அப்படித்தானே இருப்போம்? மகள் சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பின்கட்டுக் கொட்டகைக்குள் அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். மண்சுவர், பத்துக்குப் பன்னிரண்டு. ஆணிகளை எண்ணினேன், 31. அரிவாள், சல்லடை, பேத்தியின் பள்ளிப் பை, மூன்று வருடக் காலண்டர்கள், ரேஷன் அட்டை வைத்த மஞ்சள் பை, செத்துப்போன ரேடியோ. அந்த அம்மா இருட்டில் கையை நீட்டி டார்ச் லைட்டை எடுத்தார், பார்க்கவே இல்லை. அந்த வளாகத்தில் யாருக்கு அது வீடு என்று கேட்டால், சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நான் அந்தக் கொட்டகையைத்தான் காட்டுவேன்.

முதலில் ஒரு சுலப வழியைச் சொல்லிப் பார்த்தேன். வளவுச் சுவரின் மேல் வரிசையில், முன்பக்கம் சாய்ந்தபடி, முன்னோர் படங்கள் தொங்குகின்றன. வீடு கட்டும்போதே பதித்த கொக்கிகள். இரண்டு கொக்கி காலி. அங்கே மாட்டிவிடலாமே என்றேன். பங்குதாரர்களும் சம்மதித்தார்கள், மரியாதையான இடம்தான். ஆச்சி வேண்டாம் என்றார்.

"அங்க மாட்டுனா அவுக இந்த வளவுக்கெல்லாம் பொது. எனக்கு என் வீட்ல வேணும் தம்பி."

அந்த 'வீடு' பத்தடிக்குப் பதினான்கடி அறை. அதில் ஒரு சுவர்.

வழி கூரையில் இருந்தது. அந்தக் காலத்து அறைகளில் துணி போட உத்தரத்திலிருந்து ஒரு கம்பைத் தொங்கவிட்டிருப்பார்கள், கொடிக்கம்பு. கம்பு போய்விட்டது, இரும்புக் கொக்கிகள் இரண்டும் உத்தரத்தில் அப்படியே இருந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். இடித்த வீடுகளின் கதவும் தூணும் சட்டியும் சாமியும் விற்கிற தெரு. இன்னொருவர் வீடு பிரிந்துதான் அங்கே வரும், அதனால் எனக்கு அந்தத் தெருவில் மனசு ஒட்டாது. ஆனாலும் ஒன்பதடி நீளப் பழைய தேக்குச் சட்டம் வேறெங்கே கிடைக்கும்? 6,400 ரூபாய் சொன்னார்கள், 5,000க்கு முடிந்தது. கொக்கிகளில் கம்பி கட்டி, சுவரை ஒட்டி, சுவரைத் தொடாமல், கண் உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டோம். பின்னால் ஆடாமல் இருக்க இரண்டு துணி உருண்டை. சுவரில் ஒரு கீறல் இல்லை. சட்டத்தில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

முதல் ஆணியைப் பையன் அடித்தான். வளைத்துவிட்டான். ஆச்சி சுத்தியலை வாங்கி நிமிர்த்தி, அவரே அடித்தார். படம் ஏறியது. துண்டு சமையல் மேடைக்குப் போய்விட்டது, கைப்பிடித் துணியாக.

மழை

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அக்டோபர் மூன்றாம் வாரம், வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழை. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் வளவுக்குள் கொட்டும், தகரத் தாரைகள் வழியாக. மகள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள்: "மாலை 4.10 – மீட்டிங் கட். யாருக்கும் எதுவும் கேக்கல. எல்லாரும் வளவுல. அப்பத்தா அண்டா கேட்டாங்க." அன்று அறையிலிருந்து பித்தளை அண்டாக்கள் நாலு வெளியே வந்தன, ஐம்பது வருடத்துக்குப் பிறகு. பையன் தலையில் துண்டோடு அண்டாவை நகர்த்தி நகர்த்தித் தாரைக்கு நேரே வைத்தான். ஆச்சி, "முதத் தண்ணிய ஊத்திரு, ஓட்டுத் தூசி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து அதிகாரம். அந்தக் குறிப்பேட்டில் 11 வாரப் பதிவு உண்டு. ஐந்து பேரும் ஒரே வேலையில் இருந்ததாக அதில் வரும் முதல் நாள் அது. நான் கட்டிக்கொடுத்த எதற்கும் அதில் பங்கில்லை.

இன்றைய நிலை

ஆகஸ்டில் மறுபடி ஒரு நாள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். ஐந்து நிறமும் அந்த மூலையில்தான், ஆனால் பச்சையும் சேர்ந்து. மஞ்சள், அதாவது அண்ணன், காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை பின்வாசலில். மகள் மதியம் வளவில் ஒரு தூணைப் பிடித்து வைத்திருக்கிறாள். வெயில் நகர நகர அவளும் நகர்கிறாள். சித்திரையில் எல்லோரும் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்திருந்ததாகக் கேள்வி. மாடி ஏசி அறையை இப்போது விருந்தாளிகளுக்கு விட்டிருக்கிறார்கள்.

பையனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. சென்னையில் நண்பர்கள், இங்கே குரங்கு. இரவில் தனியாகக் கிணற்றடிக்குப் போகமாட்டான். பிளஸ் டூ முடித்ததும் போய்விடுவேன் என்கிறான். அவனிடம் நான் வாதாடவில்லை. அண்ணிக்கு ஊரில் ஒரு நல்ல பல் மருத்துவர் வேண்டும் என்பதைத் தவிரக் குறையில்லை, அல்லது என்னிடம் சொல்வதில்லை. தென்மேற்கு மூலையில் புதிதாகக் கரி படிய ஆரம்பித்திருக்கிறது, கேஸ் அடுப்புக்குக் கொஞ்சம்தான், தாளிப்புப் புகை. துடைக்கட்டுமா என்று கொட்டகை அம்மா கேட்டதற்கு ஆச்சி இருக்கட்டும் என்றிருக்கிறார்.

தேக்குச் சட்டத்தில் ஆணி இப்போது 17. இரண்டு பங்குதாரர்கள் தங்கள் அறைக்கும் அதுபோல வேண்டும் என்று போன் செய்தார்கள். ஒருவர் வேறு மாதிரிக் கேட்டார்: தை மாதத்தில் அவர் மகள் கல்யாணம் இந்த வீட்டில், ஆச்சியின் அறை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேவைப்படும், அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட முடியுமா? ஆச்சி மூன்று நாளைக்குச் சரி என்று சொல்லிவிட்டார், கழற்றுகிற ஆளே வந்து திரும்ப மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஆள் நான்தான். கூலியை யார் தருவது என்ற பேச்சு மட்டும் குழுவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.